கணினி கேள்வி–பதில்: திறந்து கிடக்கும் போர்ட்டுகளும் தரவுத்தளப் பாதுகாப்பும்

தரவுத்தள சர்வர்களின் பாதுகாப்பைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் பல, கேட்ட விதம் வேறானாலும் ஒரே பிரச்சினையைத் தொட்டிருந்தன: கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசலான போர்ட், வெளியாருக்குத் திறந்து கிடப்பது. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம். ஆர்டர் விவரம், சரக்கிருப்பு, தொழிலாளர் சம்பளக் கணக்கு அனைத்தும் மாத வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருந்தன. ஒரு நாள் காலையில் எல்லா டேபிள்களும் மறைந்து, புதிதாக ஒரே ஒரு டேபிள் மட்டும் இருந்தது. தரவைத் திரும்பப் பெற பிட்காயின் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பணம் கட்டிவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கட்ட வேண்டாம். அறத்தை முன்னிட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. கட்டினாலும் தரவு திரும்பி வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதே முதல் காரணம். 2016 டிசம்பர் இறுதியிலும் 2017 ஜனவரியிலும் மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் இப்படித் துடைக்கப்பட்டன. அப்போது முதலில் வந்தவன் விட்டுச்சென்ற மிரட்டல் குறிப்பை அடுத்து வந்தவன் அழித்துவிட்டுத் தன் குறிப்பை வைத்தான். அதையும் அழித்து மூன்றாமவன் வைத்தான். பணத்தை யாருக்கு அனுப்புவது என்பதே தெரியாத நிலை ஏற்பட்டதோடு, பல இடங்களில் தரவு வெளியே நகலெடுக்கப்பட்டதற்கான தடயமே கிடைக்கவில்லை. எதையும் எடுத்து வைத்துக்கொள்ளாமல், அழித்துவிட்டு விலை மட்டும் பேசியிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நகல் எடுக்கப்பட்டதா என்பதை ஓரளவு நீங்களே கணிக்க முடியும். கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சர்வரிலிருந்து வெளியே சென்ற தரவின் அளவு மணிவாரியாக வரைபடமாக இருக்கும். உங்கள் தரவுத்தளம் 30 ஜிபி இருந்து, டேபிள்கள் மறைந்த இரவிலும் அதற்கு முந்தைய நாட்களிலும் வழக்கத்துக்கு மேல் சில எம்பிக்கள் மட்டுமே வெளியே போயிருந்தால், முழுத் தரவும் அவர்கள் கையில் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். சம்பளக் கணக்கு இருந்தது என்கிறீர்கள். பெயர், வங்கிக் கணக்கு எண் போன்ற சிறு டேபிள் சில எம்பிக்களிலேயே அடங்கிவிடும் என்பதால், அது மட்டும் களவு போயிருக்கக்கூடும் என்று எண்ணி நடந்துகொள்வதே தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு.

இனி மீட்புக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது, மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தாமலும் மறுதொடக்கம் செய்யாமலும் ஃபயர்வாலில் (எந்த இணைப்பு உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பில்) மைஎஸ்க்யூஎல்லின் போர்ட்டை மூடுவது. இரண்டாவது, சர்வரின் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பது. மறுதொடக்கம் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பிலிருந்து ‘பைனரி லாக்’ தானாகவே இயங்குகிறது. தரவில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் அந்தக் கோப்புகளில் வரிசையாகப் பதிவாகி, நீங்கள் வேறு கால அளவு குறிப்பிடாதவரை 30 நாட்களுக்கு வைத்திருக்கப்படும். காலம் கடந்த கோப்புகள் சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது நீக்கப்பட்டுவிடும். உங்களிடம் ஐந்து வாரம் பழைய பேக்கப் ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னும் நீக்கப்படாமல் எஞ்சியிருக்கும் மிகப் பழைய லாக் கோப்பு உங்களுக்குத் தங்கத்துக்குச் சமம். வந்தவர்கள் பைனரி லாக்கையும் சேர்த்து அழிக்காமல் விட்டிருந்தால், பழைய பேக்கப்பை வேறொரு புதிய சர்வரில் ஏற்றி, அதற்குப் பிந்தைய மாற்றங்களை அந்த லாக்கிலிருந்து ஒவ்வொன்றாகச் செலுத்தி, டேபிள்களை நீக்கிய கட்டளைக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடலாம். மைஎஸ்க்யூஎல்லுடன் வரும் ‘மைஎஸ்க்யூஎல்பின்லாக்’ என்னும் கருவி இதற்காகவே இருக்கிறது. நீக்கப்பட்ட நேரமும் அதே லாக்கில் நொடிக் கணக்கில் கிடைக்கும்.

பழைய சர்வரைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாமே என்று உங்கள் கணினி ஆள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே வந்தவன் தரவுத்தளத்தோடு நின்றானா, இயங்குதளம் வரை போனானா என்பது தெரியாத சர்வரில் சம்பளக் கணக்கை வைப்பது முறையல்ல.

மேலும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, இத்தகைய ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நேரம் கடந்துவிட்டது என்று எண்ணித் தெரிவிக்காமல் விடுவதைவிடத் தாமதமாகவேனும் தெரிவித்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்களைப் போன்ற சிறு மருந்துக்கடையின் சர்வர் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. இணையத்தில் எங்கள் பெயரே இல்லை. எங்களைத் தேடிப்பிடித்துத் தாக்க யாருக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மீது யாருக்கும் அக்கறை இல்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே யாரும் பெயரைப் பார்த்துத் தேடுவதில்லை, எண்ணைத்தான் தேடுகிறார்கள். இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஜீமேப் என்னும் கருவி, நல்ல கிகாபிட் இணைப்பு கொண்ட ஒரே ஒரு கணினியிலிருந்து, ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று அந்த முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று 2013ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது. 3306 என்றால் மைஎஸ்க்யூஎல், 1433 என்றால் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர், 5432 என்றால் போஸ்ட்கிரெஸ், 6379 என்றால் ரெடிஸ், 27017 என்றால் மோங்கோடிபி; எல்லாம் தரவுத்தள மென்பொருள்கள். தட்டுபவனுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அதைத் தானே செய்யவும் வேண்டியதில்லை. 2009 முதல் இயங்கும் ஷோடான் போன்ற தேடுதளங்கள், தட்டிப் பார்த்த விடைகளைப் பட்டியலாகவே வைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். மைஎஸ்க்யூஎல் போர்ட்டில் யார் இணைத்தாலும், அந்த முகவரியைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே சர்வர் தன் பதிப்பு எண்ணைச் சொல்லிவிடுகிறது. அதன் இணைப்பு முறையே அப்படித்தான் அமைந்துள்ளது. 2022 மே மாத இறுதியில் ஷேடோசர்வர் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு உலகம் முழுவதும் கணக்கெடுத்தபோது, இப்படி வெளியாருக்கு மறுமொழி சொல்லும் மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் ஏறத்தாழ 36 லட்சம் இருந்தன. அவற்றில் சுமார் 13 லட்சம், ஐபிவி4க்குப் பின் வந்த புதிய வகையான ஐபிவி6 முகவரிகளில் இருந்தவை. ஐபிவி4க்கு ஃபயர்வால் விதி எழுதிவிட்டு ஐபிவி6ஐ மறந்துவிடுகிறவர்கள் அனேகர் என்பதால் இந்த இரண்டாவது எண்ணைக் குறிப்பிடுகிறேன்.

பதிப்பு எண் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012இல் வெளிப்பட்ட ஒரு பிழையே போதிய சான்று. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றின் சில பதிப்புகளில், கடவுச்சொல் சரிபார்க்கும் ஒப்பீட்டின் விடையை நிரல் தவறாகக் கையாண்டதால், தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலே சராசரியாக 256 முயற்சிகளில் ஒன்று உள்ளே விட்டுவிடும். முழு அதிகாரப் பயனரின் பெயர் ‘ரூட்’ என்று தெரிந்தால் போதும். நீங்கள் எத்தனை கடினமான கடவுச்சொல் வைத்திருந்தீர்கள் என்பதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை. போர்ட் வெளியே தெரியாத சர்வர்களை அந்தப் பிழை வெளியிலிருந்து தொடக்கூட முடியவில்லை. கடவுச்சொல்லின் நீளத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தக் கடவுச்சொல் கேட்கப்படும் இடத்துக்கு யாரெல்லாம் வந்து சேர முடியும் என்பதை அதற்கு முன் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: உபுண்டு சர்வரில் டாக்கர் வழியாக மைஎஸ்க்யூஎல் ஓட்டுகிறேன். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டேன். அதன் நிலையைக் கேட்டால் மூடியிருப்பதாகத்தான் சொல்கிறது. ஆனால் வீட்டிலிருந்து, போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் என்மேப் கருவி கொண்டு பார்த்தால் 3306 திறந்திருப்பதாகக் காட்டுகிறது. எது பொய்?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. வெளியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் ஃபயர்வாலின் நிலையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில் ‘போர்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் 3306:3306 என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். அதற்குப் பொருள், இந்தக் கணினியின் எல்லா முகவரிகளிலும், அதாவது 0.0.0.0 இல், 3306ஐத் திறந்து உள்ளே அனுப்பு என்பது. அந்த வேலையைச் செய்ய டாக்கர் லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் தானே விதிகளை எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் சேருமிடம் முதல் கட்டத்திலேயே கன்டெய்னரின் (டாக்கர் ஒரு நிரலைத் தனித்து ஓட்டும் அறையின்) உள் முகவரியாக மாற்றப்பட்டுவிடுகிறது. எனவே அது ‘இந்தக் கணினிக்கு வந்தது’ என்ற வரிசையில் சேராமல், ‘இந்தக் கணினி வழியாகக் கடந்து போவது’ என்ற வரிசையில் போகிறது. நீங்கள் யுஎஃப்டபிள்யூவில் எழுதிய தடைகள் முதல் வரிசையில் காத்திருக்கின்றன. பாக்கெட் அந்தப் பக்கமே வருவதில்லை.

உங்கள் இணையதள நிரலும் அதே கம்போஸ் கோப்பில் இன்னொரு கன்டெய்னராக ஓடுகிறது என்றால், தரவுத்தளத்துக்கு ‘போர்ட்ஸ்’ பகுதியே தேவையில்லை. அதை முழுவதும் நீக்கிவிடுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்கள் சேவையின் பெயரைச் சொல்லியே ஒன்றையொன்று அடைந்துகொள்ளும். கன்டெய்னருக்கு வெளியே, அதே சர்வரில் ஓடும் நிரலுக்குத் தேவை என்றால் 127.0.0.1:3306:3306 என்று எழுதுங்கள் (127.0.0.1 என்பது கணினி தன்னையே குறிக்கும் முகவரி). டாக்கர் 28க்கு முந்தைய பதிப்புகளில், அதே உள்ளூர் நெட்வொர்க் பகுதியில் உள்ள பிற கணினிகள் இப்படித் திறந்த போர்ட்டையும் அடையக்கூடிய ஓட்டை இருந்தது. ஆகவே டாக்கரையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, கிளவுட் நிறுவனம் சர்வருக்கு வெளியே தரும் ஃபயர்வாலிலும் அதே மூன்று போர்ட்டுகளை மட்டும் அனுமதியுங்கள். சர்வருக்குள் யார் எந்த விதியை மாற்றினாலும் அது அசையாது.

பிறகு ஒரு முறை தரவுத்தளத்துக்குள் நுழைந்து, மைஎஸ்க்யூஎல்லின் பயனர் டேபிளில் ‘ஹோஸ்ட்’ என்ற பத்தியைப் பாருங்கள். ‘ரூட்’ பயனருக்கு எதிரே % என்ற குறி இருந்தால், உலகின் எந்த முகவரியிலிருந்தும் அவர் வரலாம் என்று பொருள். டாக்கரின் மைஎஸ்க்யூஎல் இமேஜ் வழக்கமாக அப்படித்தான் உருவாக்குகிறது. நிரலுக்குத் தனிப் பயனரை உருவாக்கி, அதற்குத் தேவையான தரவுத்தளத்தில் மட்டும் உரிமை கொடுங்கள்.

கேள்வி: 3306க்குப் பதிலாக 48213 போன்ற யாரும் ஊகிக்க முடியாத போர்ட்டை வைத்தால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: லாக்கில் பதிவாகும் வீண் முயற்சிகள் குறையும், ஆனால் பாதுகாப்பு அதிகரிக்காது. ஒரு முகவரியின் 65,535 போர்ட்டுகளையும் தட்டிப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது. நுழைந்தவுடன் மைஎஸ்க்யூஎல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் என்பதால், எண் மாறியதால் அடையாளமும் மறையப்போவதில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் பயிற்சிக்காக வெளியிலிருந்து அணுகும்படி வைத்திருந்தோம். முக்கியமான தரவு எதுவும் அவற்றில் இல்லை. ஆனாலும் சில நாட்களில் சர்வர் நகரவே முடியாத அளவுக்கு மெதுவாகிவிட்டது. தரவே இல்லாத இடத்தில் என்ன எடுத்தார்கள்?
– மாணவர், திருச்சி

பதில்: உங்கள் பிராசஸரையும் மின்சாரத்தையும் எடுத்தார்கள். தரவுத்தள மென்பொருள் பலவற்றுக்கு, தான் ஓடும் கணினியில் கோப்பு எழுதவும் கட்டளை இயக்கவும் வழி உண்டு. போஸ்ட்கிரெஸில் 9.3 பதிப்பு முதல், ‘காபி’ கட்டளையைக் கொண்டு இயங்குதளத்தின் எந்தப் புரோகிராமையும் இயக்கி அதன் வெளியீட்டை டேபிளில் ஏற்றலாம். சூப்பர்யூசர் எனும் முழு அதிகாரப் பயனருக்கு முறையாகக் கொடுக்கப்பட்ட வசதிதான் அது. ஆனால் போர்ட் திறந்திருந்து, ‘போஸ்ட்கிரெஸ்’ பயனரின் கடவுச்சொல்லும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்றே இருந்தால், கிரிப்டோ நாணயம் தோண்டும் (மைனிங்) புரோகிராமை இறக்கி ஓட்ட அதுவே போதும். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் ‘டாப்’ கட்டளையில் போஸ்ட்கிரெஸ் பயனரின் பெயரில் அறிமுகமில்லாத ஒரு புரோகிராம் சிபியுவை முழுவதும் விழுங்கிக்கொண்டிருந்தால் ஐயமே வேண்டாம்.

ரெடிஸ் இன்னும் எளிது. அதை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போவே 2015இல் இந்தத் தாக்குதலை வெளிப்படையாகச் செய்து காட்டினார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் தன் எஸ்எஸ்எச் பொதுச் சாவியை ரெடிஸில் ஒரு சாதாரண மதிப்பாக ஏற்றுவது. ரெடிஸ் தன் தரவைச் சேமிக்கும் கோப்புறையை எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் கோப்புறையாக மாற்றச் சொல்வது. கோப்பின் பெயரையும் அதற்கேற்ப மாற்றிச் சேமிக்கச் சொல்வது. அவ்வளவுதான், கடவுச்சொல் இல்லாமல் சர்வருக்குள் நேரே நுழைந்துவிடலாம். நம்பகமான உள் நெட்வொர்க்கில் மட்டும் ஓடுவதற்காகவே ரெடிஸை வடிவமைத்ததாக அவர் சொன்னார். அது நியாயமான பேச்சுதான். ஆனால் நிறுவுகிறவர்கள் யாரும் அதைப் படித்துவிட்டு நிறுவவில்லை. அதனால் 2016இல் வந்த 3.2 பதிப்பில், கடவுச்சொல்லும் இல்லாமல் முகவரிக் கட்டுப்பாடும் இல்லாமல் ஓடும்போது வெளியாருக்கு மறுமொழி சொல்லாத பாதுகாப்பு நிலையைச் சேர்த்தார்கள். மோங்கோடிபியும் 2017இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, நாம் மாற்றாதவரை உள் முகவரியில் மட்டுமே கேட்கிறது.

போஸ்ட்கிரெஸ் தொடக்கத்திலிருந்தே இதில் கண்டிப்பானது என்று சொல்லலாம். தானாக அது வெளியே திறப்பதில்லை. வலையில் கிடைக்கும் பயிற்சிக் குறிப்பு ஒன்றைப் பார்த்து, கேட்கும் முகவரிக்கு * என்றும், அனுமதிக் கோப்பில் 0.0.0.0/0 என்றும் (இரண்டுக்கும் ‘எல்லா முகவரியும்’ என்றே பொருள்), அதன் எதிரே ‘டிரஸ்ட்’ என்றும் யாரோ எழுதியிருப்பார்கள். ‘டிரஸ்ட்’ என்றால் கடவுச்சொல்லே கேட்காதே என்று பொருள். அந்த இடத்தில் கடவுச்சொல் கேட்கும் முறையான ‘ஸ்க்ராம்-ஷா-256’ என்றும், முகவரிக்கு உங்கள் ஆய்வக நெட்வொர்க்கை மட்டும் குறித்தும் எழுதுங்கள். இப்போதைய சர்வரை அழித்துப் புதிதாக நிறுவுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: எங்களுக்கு நான்கு ஊர்களில் கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளையிலும் உள்ள பில்லிங் மென்பொருள் தலைமை அலுவலகத்தில் உள்ள எஸ்க்யூஎல் சர்வருடன் நேரடியாக இணைகிறது. கிளைகளின் ஐபி முகவரி நாள்தோறும் மாறுவதால், போர்ட்டைத் திறந்து வைக்காமல் வேறு வழியில்லை என்று மென்பொருள் விற்றவர் சொல்கிறார். சரியா?
– வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே விபிஎன் (இணையத்தின் ஊடே பூட்டிய தனிப் பாதை) அமைத்தால் கிளையின் முகவரி எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை. வயர்கார்டு என்ற இலவச மென்பொருள் இதற்குப் பொருத்தமானது. 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, விண்டோஸிலும் ஓடும். ஒவ்வொரு கிளைக்கும் தனிச் சாவி உண்டு. அதன் சிறப்பு என்னவென்றால், சரியான சாவி இல்லாதவன் அனுப்பும் பாக்கெட்டுக்கு அது எந்த மறுமொழியும் சொல்லாது. தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே எதுவுமே இல்லாதது போலத் தோன்றும். விபிஎன்னுக்குள் ஒவ்வொரு கிளைக்கும் நிலையான உள் முகவரி கிடைத்துவிடுவதால், 1433 போர்ட்டை அந்த நான்கு முகவரிகளுக்கு மட்டும் அனுமதிக்கலாம்.

அதோடு, பில்லிங் மென்பொருள் எந்தப் பயனர் பெயரில் இணைகிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். ‘எஸ்ஏ’ என்று பதில் வந்தால் மாற்றித் தரச் சொல்லி வற்புறுத்துங்கள். எஸ்ஏ என்பது அந்த சர்வரின் முழு அதிகாரி. தானியங்கி நிரல்கள் முதலில் முயல்வதும் அந்தப் பெயரைத்தான். 2005 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் முடக்கியே கொடுக்கும் ‘எக்ஸ்பி-சிஎம்டிஷெல்’ என்ற வசதியை எஸ்ஏவாக நுழைந்தவன் ஒரு வரியில் மீண்டும் இயக்கி, விண்டோஸ் கட்டளைகளையே ஓட்ட முடியும். கிளையில் உள்ள கணினியின் அமைப்புக் கோப்பு ஒன்றில் எஸ்ஏவின் கடவுச்சொல் திறந்த எழுத்தில் கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தரவுத்தள சர்வர் அலுவலகத்துக்குள்ளேயே, ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே எந்த போர்ட்டும் திறக்கவில்லை. அப்படியிருக்கும்போது மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் ஒவ்வொரு பேட்ச்சையும் போட்டு வேலையை நிறுத்துவது அவசியமா?
– வாசகர், சென்னை

பதில்: 2003 ஜனவரி 25, இந்திய நேரப்படி முற்பகல் 11 மணியளவில் ‘ஸ்லாமர்’ என்னும் புழு பரவத் தொடங்கியது. எஸ்க்யூஎல் சர்வர் 2000இன் 1434 யுடிபி போர்ட்டுக்கு அனுப்பப்படும் வெறும் 376 பைட் நிரல் அது. கடவுச்சொல் எதையும் அது ஊகிக்கவில்லை, டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை. ஒரே ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்தாலே அந்த சர்வரும் பரப்பத் தொடங்கிவிடும். தொடக்க நிமிடத்தில் தாக்கப்பட்ட சர்வர்களின் எண்ணிக்கை 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், தாக்கப்படக்கூடிய நிலையில் இருந்தவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுந்துவிட்டன. மொத்தம் 75,000க்குக் குறையாது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் பல பணம் தர மறுத்தன. அந்த ஓட்டைக்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது.

உங்கள் கேள்விக்கான விடை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் கிடைக்கிறது. அங்கேயும் ஃபயர்வால் இருந்தது. இந்தப் புழு வரும் போர்ட்டை அது தடுத்துக்கொண்டும் இருந்தது. ஆனால் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க்கிலிருந்து, ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும் தனி இணைப்பு ஒன்று இருந்தது. புழு அந்த வழியாக வந்து, பேட்ச் போடப்படாத ஒரு சர்வரில் தொற்றி, உள் நெட்வொர்க்கை நிரப்பி, பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி அமைப்பை ஏறத்தாழ 5 மணி நேரம் முடக்கிவிட்டது. அப்போது அணு உலை இயங்காமல் இருந்ததால் பெரிய ஆபத்து நேரவில்லை.

ஆகவே, பேட்ச் அவசியம். மாதம் ஒருமுறை, வேலை குறைந்த இரவு ஒன்றை அதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் வேறொரு கணினியில் உண்மையிலேயே ஏறுகிறதா என்றும் பாருங்கள். கணக்குத் தணிக்கையாளர், சிசிடிவி பொருத்தியவர், மென்பொருள் பராமரிப்பவர் என்று யார் யாருடைய மோடமும் தொலை இணைப்பு மென்பொருளும் உங்கள் அலுவலக நெட்வொர்க்கில் மாட்டப்பட்டிருக்கின்றன என்பதை அடுத்த வாரமே ஒருமுறை நடந்து பார்த்து எழுதி வையுங்கள்.